ஏறத் தெரிந்த பூனைக்கு இறங்கத் தெரியாதா?

(இரண்டாமாண்டு இயந்திரவியல் மாணவன்)

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது மற்றவர்கள் மின்சாரக் கார், ரோபோ, சூரிய சக்தி என்று தலைப்பு கொடுத்தார்கள். நான் "மரத்தில் மாட்டிக்கொண்ட பூனையை இறக்குவது எப்படி?" என்று எழுதிக் கொடுத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். "டேய், அது தானா இறங்கும்டா. இதுக்குப் போய் ரெண்டு பக்கமா?" என்றான் ஒரு நண்பன். அந்தத் "தானா இறங்கும்" என்ற பேச்சுக்காகத்தான் இந்த இரண்டு பக்கமும்.

பூனையின் நகத்தைக் கவனித்திருக்கிறீர்களா? கொக்கி மாதிரி வளைந்திருக்கும். மேலே ஏறும்போது உடம்பின் எடை கீழே இழுக்க இழுக்க, அந்தக் கொக்கி பட்டைக்குள் இன்னும் ஆழமாகப் பதியும். ஏறுவதற்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. ஆனால் தலையைக் கீழே வைத்து இறங்கப் பார்த்தால் அதே கொக்கி எதிர்ப்பக்கம் பார்க்கிறது. பிடிப்பதற்குப் பதில் வழுக்கும். ஆகவே பூனை ஒழுங்காக இறங்க ஒரே வழிதான். நாம் ஏணியில் இறங்குவது போலப் பின்பக்கமாக இறங்க வேண்டும். சில பூனைகள் பழகிக்கொள்கின்றன. பல பூனைகளுக்கு அது வருவதே இல்லை. நாய் துரத்திய வேகத்தில் ஏறிவிட்டு, கீழே எட்டிப் பார்த்து, பயந்து, இன்னும் ஒரு கிளை மேலே போய் உட்கார்ந்துகொள்கின்றன.

"அணில் மட்டும் எப்படித் தலைகீழா ஓடுது?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அணிலுக்குப் பின்னங்கால் கணுக்கால் மூட்டு அப்படியே பின்பக்கம் திரும்பும். தலைகீழாக வரும்போது பின்னங்கால் நகங்கள் மேல்நோக்கிப் பட்டையைப் பிடித்திருக்கும். பூனைக் குடும்பத்திலும் இப்படிச் சிலருக்கு வரம் உண்டு. தென் அமெரிக்கக் காடுகளில் வாழும் மார்கே என்ற சின்னப் பூனை, நம் வடகிழக்கு மாநிலக் காடுகளில் இருக்கும் படைச்சிறுத்தை, இரண்டும் தலைகீழாக இறங்கும். நம் வீட்டுப் பூனைக்கு அந்த மூட்டு இல்லை. டிசைனிலேயே இல்லாத ஒன்றை அது தானாகச் செய்யும் என்று நாம் எதிர்பார்க்கிறோம்.

அடுத்து வருவது, "விழுந்தாத்தான் என்ன? நாலு காலில் நிற்குமே!" என்ற பேச்சு. நிற்கும், உண்மைதான். விழும் பூனை காற்றிலேயே உடம்பைத் திருப்பிக்கொள்வதை 1894-லேயே மாரே என்ற பிரெஞ்சு அறிஞர் தொடர் புகைப்படங்களாக எடுத்துக் காட்டினார். 1987-இல் நியூயார்க்கில் மாடிகளிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி இரண்டு கால்நடை மருத்துவர்கள் எழுதினார்கள். சிகிச்சை பெற்றவற்றில் சுமார் 90 சதவீதம் பிழைத்தன. இந்த ஒரு எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு, பூனைக்கு ஒண்ணும் ஆகாது என்று உலகம் முழுக்கச் சொல்லிவிட்டார்கள். அதே பூனைகளில் பலவற்றுக்கு நெஞ்சுக்குள் அடி, தாடை உடைவு, கால் முறிவு இருந்ததை யாரும் சொல்வதில்லை. இன்னொன்றும் யோசியுங்கள். விழுந்த இடத்திலேயே செத்த பூனையை யார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள்? அது கணக்கிலேயே வராது.

விழாமல் மேலேயே இருந்தாலும் ஆபத்துதான். வெயிலில் தண்ணீர் இல்லாமல் உடம்பு வற்றும். சில நாள் பட்டினி கிடந்தாலே பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து கெட்டுப்போகும். கொழுத்த பூனைக்கு இது இன்னும் சீக்கிரம் வரும்.

சரி, யார் இறக்குவது? வெளிநாட்டுப் படங்களில் தீயணைப்பு வண்டி வந்து ஏணி போடும். உண்மையில் அமெரிக்காவில் பல ஊர்களில் தீயணைப்புத் துறை பூனைக்காக வருவதில்லை. அங்கே இந்த வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் மரம் வெட்டுவதையும் கவாத்து செய்வதையும் தொழிலாக வைத்திருப்பவர்கள். பகலெல்லாம் கூலிக்கு ஏறிவிட்டு, மாலையில் யாராவது கூப்பிட்டால் பூனைக்காக ஏறுகிறார்கள். பலர் பணம் கேட்பதில்லை, கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் 'கேனபி கேட் ரெஸ்க்யூ' என்று இதற்காகவே ஓர் அமைப்பு நன்கொடையில் நடக்கிறது.

அவர்கள் ஏறும் முறைதான் மெக்கானிக்கல்காரனான என்னைப் பிடித்துக்கொண்டது. மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறுவதே இல்லை. முள் பூட்ஸும் போடுவதில்லை, அது உயிருள்ள மரத்தைக் காயப்படுத்தும். முதலில் 300, 400 கிராம் எடையுள்ள சின்னப் பையை மெல்லிய நூலில் கட்டி, பூனைக்கு மேலே உள்ள பலமான கிளைக்கு மேல் எறிகிறார்கள். கை எட்டாத உயரத்துக்குப் பெரிய உண்டிவில் வைத்திருக்கிறார்கள். நூல் அந்தப் பக்கம் இறங்கியதும் அதன் நுனியில் ஏறுகயிற்றைக் கட்டி இழுத்தால், கயிறு கிளைமேல் உட்கார்ந்துவிடும். ஒரு முனையை மரத்தின் அடியில் கட்டிவிட்டு மறுமுனையில் ஏறுவார்கள்.

இங்கே நம் அப்ளைடு மெக்கானிக்ஸ் வருகிறது. ஆள், சாமான் எல்லாம் சேர்த்து 70 கிலோ என்று வையுங்கள். கிளைக்கு எவ்வளவு சுமை? 70 என்று சொல்பவருக்கு மார்க் கிடையாது. கயிறு கிளைமேல் கப்பி போல ஓடுகிறது. ஏறுபவர் பக்கம் 70 கீழே இழுத்தால், அடியில் கட்டிய பக்கமும் ஏறக்குறைய அதே அளவு இழுக்கும். கிளை தாங்குவது கிட்டத்தட்ட 140 கிலோ. அதனால்தான் ஏறும் முன் இரண்டு பேர் சேர்ந்து அந்தக் கயிற்றில் தொங்கிப் பார்க்கிறார்கள். ஒடிவதாக இருந்தால் எல்லோரும் தரையில் நிற்கும்போதே ஒடியட்டும்!

கயிற்றில் ஆளை நிறுத்துவது ஒரு முடிச்சு. 1931-இல் கார்ல் புருசிக் என்ற ஆஸ்திரிய மலையேறி வெளியிட்டதால் அதற்கு 'புருசிக் முடிச்சு' என்று பெயர். மெல்லிய கயிற்றைப் பெரிய கயிற்றின்மேல் மூன்று சுற்றுச் சுற்றிப் போடுவது. சுமை இல்லாதபோது கையால் மேலே தள்ளலாம். எடை விழுந்ததும் இறுகி அப்படியே நின்றுவிடும். எல்லாம் உராய்வு விசைதான். இப்போது இதற்கு இரும்புக் கருவிகள் வந்துவிட்டன என்றாலும் முடிச்சு இன்னும் போகவில்லை. விடுதிக் கட்டில் காலில் நான் போட்டுப் பார்த்தேன். நீங்களும் பாருங்கள், ஆனால் கட்டில் காலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மேலே போனபிறகு அவசரமே கூடாது. பூனைக்குக் கொஞ்சம் கீழே நின்று மெதுவாகப் பேசி, விரலை முகரவிட்டு, மீன் ஏதாவது காட்டி, அது கிட்ட வரும்வரை காத்திருக்கிறார்கள். ஒரு துணிப்பையை உட்புறம் வெளியாகத் திருப்பிக் கையில் மாட்டியிருப்பார்கள். பிடரியைப் பிடித்ததும் பையை அப்படியே பூனைமேல் உருவிவிட்டால், அது பைக்குள் வந்துவிடும்.

இதைப் படித்துவிட்டு விடுமுறையில் அப்பாவிடம் சொன்னேன். பொள்ளாச்சிப் பக்கம் தென்னை ஏறுவதுதான் அவர் தொழில். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியது நான்தான். அவரும் ஒருதரம் தோப்பில் மாட்டிய பூனையைச் சாக்கில் போட்டு இறக்கியிருக்கிறார். பையைத் திருப்பிப் போடும் வித்தையைக் கேட்டுவிட்டு, "அட, இது தெரிஞ்சிருந்தா கை கிழிஞ்சிருக்காதே கண்ணு" என்றார். புருசிக் முடிச்சை அவர் கையில் கொடுத்தேன். ஒரே பார்வையில் போட்டுவிட்டார். எனக்கு அரை நாள் பிடித்த முடிச்சு அது.

பிறகு கயிற்றின் பலத்தைக் கேட்டார். இந்த வேலைக்கான கயிறு குறைந்தது 22 கிலோ நியூட்டன் தாங்க வேண்டும் என்பது ஐரோப்பியத் தர விதி. அதாவது 2,200 கிலோவுக்கு மேல். முடிச்சு விழும் இடத்தில் பலம் குறையும், அதையும் கழித்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பூனைக்காக ஏறும் ஒருவர் இடுப்பில் அப்படி ஒரு கயிறு. தினமும் மரம் மரமாக ஏறும் அவர் காலில் ஒரு தளைக்கயிறு, இடுப்பில் ஓர் அரிவாள். அதுவும் உராய்வு விசைதான், ஆனால் ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி எவ்வளவு என்று யாரும் போட்டுப் பார்த்ததில்லை. இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு என் பேட்ச் நண்பர்கள் மூன்று பேரிடம் இதைத்தான் சொல்லி வைத்திருக்கிறேன். தளைக்கயிற்றோடு சேர்த்துப் போடக்கூடிய, எடை குறைந்த, அவர் வேகத்தைக் கெடுக்காத ஓர் இடுப்புக் கயிறு. வேகம் குறைந்தால் கூலி குறையும், அப்புறம் அதை யாரும் போட மாட்டார்கள்.

இனி, உங்கள் தெருவில் பூனை மாட்டினால் என்ன செய்வது? முதலில் கூட்டத்தைக் கலையுங்கள், நாயைக் கட்டுங்கள். சில பூனைகள் சத்தத்துக்குப் பயந்துதான் இறங்காமல் இருக்கும். கல்லெறிவது, கம்பால் குத்துவது, தண்ணீர் பீய்ச்சுவது மூன்றும் வேண்டாம், அது இன்னும் மெல்லிய கிளைக்குத்தான் போகும். அடியில் வாசனையான சாப்பாடு வைத்து ஓர் இரவு விட்டுப் பாருங்கள். காலையிலும் அங்கேயே இருந்தால், அடிபட்டிருந்தால், குட்டியாக இருந்தால், காத்திருக்க வேண்டாம். நம் ஊரில் ஒரு வசதி உண்டு. தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை ஆடு, மாடு, பூனை மீட்கவும் வருகிறது. எண் 101. மரத்தோடு மின்கம்பி உரசினால் யாரும் மரத்தில் கையே வைக்கக்கூடாது. பச்சை மரம் மின்சாரம் கடத்தும். மின்வாரியத்துக்குச் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான் மற்றதெல்லாம்.

கடித்தாலோ பிறாண்டினாலோ, "பூனைதானே" என்று விடாதீர்கள். பூனையாலும் வெறிநோய் வரும். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். அப்பா போடவில்லை. அன்றைக்கு அவருக்குச் சொல்ல ஆள் இல்லை.

இறக்கிய பூனையை மரத்தடியிலேயே விட்டுவிட்டால் மறுபடி அதே மரத்தில்தான் ஏறும். ஓர் அறையில் வைத்து முதலில் தண்ணீர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சோறு கொடுங்கள். அடிக்கடி ஏறும் மரமாக இருந்தால், தென்னந்தோப்பில் எலிக்காக மரத்தைச் சுற்றி வழவழப்பான தகரம் அடிப்பார்களே, அதையே ஆள் உயரத்துக்கு மேல் அடிக்கலாம். பக்கத்தில் சுவர், கூரை எதுவும் இருக்கக்கூடாது, இருந்தால் அங்கிருந்து தாவிவிடும்.