கணினியை மாற்றுமுன் கம்பியைப் பாருங்கள்

எங்கள் வீட்டுக் கார் என்னை விட வயதில் மூத்தது. 1990களில் ஜப்பானில் செய்யப்பட்டு, அங்கே சில ஆண்டுகள் ஓடி, பிறகு கப்பலேறி இலங்கைக்கு வந்தது. வாப்பா அதை மூன்றாவது சொந்தக்காரராக வாங்கினார். கடந்த ஆண்டு அதற்கு ஒரு விசித்திரமான நோய் வந்தது. காலையில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகும். நண்பகலில், வெயிலில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தால், ஸ்டார்ட்டர் சுற்றும், ஆனால் எஞ்சின் பற்றாது. அரை மணி நேரம் கதவுகளைத் திறந்து வைத்துக் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காததுபோலப் புறப்படும்.

ஒருநாள் உம்மம்மாவை கிளினிக்குக் கொண்டுபோய்த் திரும்பும்போது இது நடந்தது. சுடு வெயிலில் அவர் முக்கால் மணி நேரம் தெருவோரத்தில் இருக்க வேண்டியதாயிற்று. அதன்பின் இரண்டு கராஜ்களில் காட்டினோம். இரண்டிலும் ஒரே தீர்ப்பு: "கம்பியூட்டர் போய்விட்டது, மாற்ற வேண்டும்." அவர்கள் சொன்ன தொகை வாப்பாவின் இரண்டு மாதச் சம்பளத்துக்குச் சமம். காரை விற்றுவிடலாம் என்றார் வாப்பா. விற்றால் இன்னொன்று வாங்க முடியுமா என்று உம்மா கேட்டார். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலை எங்கே போனது என்பதை எல்லா வீடுகளும் அறியும்.

கடைசியில் காரைத் திருத்தியது ஒரு துளி பற்றாசு. அது எப்படி என்பதைச் சொல்வதற்கு முன், காரின் கணினி என்ன செய்கிறது என்பதை அறிந்துகொள்வோம்.

கணினிக்கு என்ன வேலை?

பழைய கார்களில் பெற்றோலையும் காற்றையும் கலப்பது காபரேற்றர் என்ற பொறிமுறைச் சாதனம். அந்த வேலையை இலத்திரனியலுக்கு மாற்றும் முயற்சிகள் பல நடந்தன. 1967இல் ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் டி-ஜெற்றோனிக் என்ற முறையை வொக்ஸ்வேகன் 1600 கார்களில் பொருத்தியது. பெருந்தொகையாக உற்பத்தியான கார்களில் இலத்திரனியல் பெற்றோல் உட்செலுத்தல் பரவ வழிவகுத்தது அதுதான். 1990களுக்குள் ஜப்பானியக் கார்களில் இது சாதாரணமாகிவிட்டது.

ஒரு பங்கு பெற்றோல் முழுமையாக எரிய, நிறைப்படி ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். எஞ்சின் குளிராக இருக்கும்போது பெற்றோல் சற்றுக் கூடுதலாகத் தேவை. எவ்வளவு காற்று உள்ளே வருகிறது, எஞ்சின் எவ்வளவு சூடாக இருக்கிறது, எத்தனை வேகத்தில் சுற்றுகிறது, புகையில் ஒட்சிசன் மிஞ்சியிருக்கிறதா என்பவற்றை உணரிகள் கணினிக்குச் சொல்கின்றன. கணினி கணக்குப் போட்டு, பெற்றோல் பீச்சும் ஊசிகளை ஒவ்வொரு முறையும் ஒரு செக்கனின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குத் திறந்து மூடுகிறது.

கணினிக்குக் கண்ணும் காதும் இல்லை. வயர் வழியாக வரும் வோல்ற்றளவு ஒன்றையே அது அறியும். அந்த வயர் பொய் சொன்னால், கணினி அந்தப் பொய்யை நம்பிச் சரியாகவே கணக்குப் போடும். பழைய காரின் கோளாறுகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது.

கெடுவது எது?

பல கார்களில் கணினி பயணிகள் இருக்கும் பகுதியில், உலர்ந்த இடத்தில், உலோகப் பெட்டிக்குள் இருக்கிறது. வயர்களும் இணைப்புகளும் எஞ்சினின் சூட்டிலும் அதிர்விலும் மழைநீரிலும் இருக்கின்றன. கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. செப்பு பச்சைபிடிக்கிறது, இணைப்பின் பிளாஸ்ரிக் நொருங்குகிறது, எலி வயரைக் கடிக்கிறது. முன்னைய சொந்தக்காரர் அலாரமும் பாட்டுப் பெட்டியும் பொருத்த வயர்களை வெட்டி, முறுக்கி, ரேப் சுற்றி வைத்திருப்பார். இருபத்தைந்து முப்பது வருடங்களில் இவையெல்லாம் சேரும்.

கணினியும் கெடலாம். அதனுள் இருக்கும் சில கொள்ளளவிகள் காலப்போக்கில் திரவம் கசிந்து பலகையை அரிக்கும். ஆனால் அது கடைசியாகச் சந்தேகிக்க வேண்டிய இடம். அதை மாற்றுவது செலவு. பிழை வேறிடத்தில் இருந்தால் புதிய கணினியும் அதே நோயைக் காட்டும்.

முதலில் அளக்க வேண்டியவை

தேவையான கருவி ஒன்றே: பாடசாலை ஆய்வுகூடத்தில் நாம் பயன்படுத்தும் பல்மானி. கடையில் மல்ரிமீற்றர் என்று கேட்டால் தருவார்கள்.

முதலாவது பற்றரி. காரை இரவு முழுதும் ஓய்வாக விட்டு அளந்தால், முழுதாக மின்னேற்றப்பட்ட பற்றரி ஏறத்தாழ 12.6 வோல்ற் காட்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6 வோல்ற்றுக்குக் கீழே விழக்கூடாது. எஞ்சின் ஓடும்போது ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வோல்ற் வரை இருந்தால் ஓல்ரனேற்றர் வேலை செய்கிறது. பற்றரி வலுவிழந்திருந்தால் மற்ற எல்லா அளவீடுகளும் நம்மை ஏமாற்றும்.

இரண்டாவது உருகிகள். எரிந்த உருகிக்குப் பதிலாக அதே அம்பியர் உள்ளதையே போட வேண்டும். 15 அம்பியர் இடத்தில் 30 போட்டால் அடுத்த முறை எரிவது உருகி அல்ல, வயர்.

மூன்றாவது, பலரும் மறப்பது, புவித்தொடுப்பு. பற்றரியின் மறைமுனையை எஞ்சினுடனும் காரின் உடலுடனும் இணைக்கும் தடித்த வயர்தான் அது. அதன் முனை துருப்பிடித்து வெறும் 0.02 ஓம் தடை கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டார்ட்டர் 150 அம்பியர் இழுக்கிறது. ஓமின் விதிப்படி 150 × 0.02 = 3 வோல்ற் அந்த முனையிலேயே இழக்கப்படுகிறது. ஆனால் சாதாரண பல்மானியின் ஓம் அளவில் 0.02 தெரியவே தெரியாது. "நல்ல வயர்" என்றுதான் காட்டும். ஆகவே தடையை அளக்காமல், மின்னோட்டம் பாயும்போது இழக்கப்படும் வோல்ற்றை அளக்க வேண்டும். பல்மானியின் ஒரு முனையைப் பற்றரியின் மறைமுனையிலும் மற்றதை எஞ்சினின் சுத்தமான உலோகத்திலும் வைத்து, ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். 0.2 வோல்ற் அளவில் இருந்தால் நல்லது. 0.5ஐத் தாண்டினால் அந்த முனையைக் கழற்றிச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்குங்கள்.

கணினி பேசும் மொழி

அமெரிக்காவில் 1996 முதல் விற்பனையான கார்கள் அனைத்திலும் ஓ.பி.டி. 2 என்ற பொதுவான 16 முனைச் செருகி கட்டாயமாக்கப்பட்டது. அதில் சிறு கருவியைச் செருகிக் குறியீட்டை வாசிக்கலாம். அதற்கு முந்திய கார்களில் கணினி விளக்கைச் சிமிட்டிப் பேசும். உதாரணமாக, 1990களின் பல டொயோட்டா கார்களில் எஞ்சின் அறையிலுள்ள சிறு பெட்டியில் டீ.ஈ.1, ஈ.1 என்று குறித்த இரு துளைகளைச் சிறு கம்பியால் இணைத்துத் திறப்பைத் திருப்பினால், எஞ்சின் விளக்குச் சிமிட்டத் தொடங்கும். சீராகச் சிமிட்டிக்கொண்டே இருந்தால் பிழை எதுவும் பதிவாகவில்லை. இரண்டு முறை, சிறு இடைவெளி, மீண்டும் இரண்டு முறை என்றால் அது 22: குளிர்நீர் வெப்ப உணரியின் சுற்று. 41 என்றால் காற்றுக் கதவின் நிலையைச் சொல்லும் உணரியின் சுற்று. பற்றரியைக் கழற்றினால் இந்த நினைவு அழிந்துவிடும். எனவே முதலில் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும்: சுற்று. 22 என்றால் "உணரியை மாற்று" என்று பொருளல்ல. உணரி, இணைப்பு, வயர், கணினி ஆகிய நான்கில் ஏதோ ஒன்று என்றே பொருள். உணரியைச் சமையலறையிலேயே சோதிக்கலாம். நீரில் தொங்கவிட்டு மெல்லச் சூடாக்கினால் அதன் தடை குறைய வேண்டும். பல ஜப்பானியக் கார்களில் 20 பாகை செல்சியசில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 பாகையில் 0.2 முதல் 0.4 கிலோ ஓம் வரை இருக்கும்.

விளக்கு எரியாதது நலம் என்பதற்கு முழுச் சாட்சியும் அல்ல. பச்சைபிடித்த இணைப்பு 2 கிலோ ஓம் தடையைக் கூட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 பாகையில் இருக்கும் எஞ்சினின் உணரி 0.3 காட்ட, கணினிக்குப் போய்ச் சேர்வது 2.3. அது 20 பாகைக்குரிய நியாயமான எண். கணினிக்குச் சந்தேகம் வராது. எஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்று எண்ணிப் பெற்றோலை அள்ளி ஊற்றும். கறுப்புப் புகை வரும், பெற்றோல் செலவு ஏறும், விளக்கு மட்டும் எரியாது.

எங்கள் காரின் கதை

எங்கள் காரிலும் குறியீடு எதுவும் இல்லை. கராஜ்களில் அதைச் சோதித்தது காலையில். காலையில் கார் நலமாக இருந்தது. நோயில்லாத நேரத்தில் நாடி பிடித்தால் நோய் தெரியுமா? எனவே நானாவும் நானும் ஒரு விடுமுறை நாளில் காரை வெயிலில் விட்டு, நண்பகலில் சோதித்தோம். வாப்பா நம்பிக்கையில்லாமல் நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

உட்செலுத்தல் முறையுள்ள பல கார்களில் திறப்பை ஓன் நிலைக்குத் திருப்பியதும் பெற்றோல் பம்ப் ஏறத்தாழ இரண்டு செக்கன்கள் ஓடும். பின் இருக்கைப் பக்கம் மெல்லிய முனகல் கேட்கும். காலையில் அது கேட்டது. நண்பகலில் கேட்கவில்லை. ஆனால் எஞ்சின் விளக்கு எரிந்து அணைந்தது. அப்படியானால் கணினி விழித்திருக்கிறது, பம்ப் மட்டும் ஓடவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது றிலே என்ற மின்காந்த ஆளி. கணினி அதன் சுருளுக்குரிய வயரைப் புவித்தொடுப்புடன் சேர்க்கும். உள்ளே தொடுமுனை மூடும். பம்புக்கு 12 வோல்ற் போகும்.

நானா திறப்பைத் திருப்ப, நான் ஒவ்வொரு முனையாக அளந்தேன். றிலேக்கு உள்ளே வரும் வயரில் 12.2 வோல்ற் இருந்தது. கணினியிலிருந்து வரும் கட்டளை வயரில், திறப்பைத் திருப்பியதும் இரண்டு செக்கன்கள் ஏறத்தாழ பூச்சியம், பிறகு 12 வோல்ற். அதாவது கணினி கட்டளை கொடுத்துவிட்டது. றிலேயின் உள்ளே "டிக்" என்ற ஒலியும் கேட்டது. பம்புக்குப் போகும் வயரிலோ பூச்சியம். இரண்டு மாதச் சம்பளம் கேட்ட குற்றச்சாட்டிலிருந்து கணினி அந்த நிமிடமே விடுதலையானது.

றிலேயைக் கழற்றி மூடியைத் திறந்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தோம். பம்புக்குரிய முனையைச் சுற்றி, பற்றாசில் மயிரிழை போன்ற ஒரு வட்ட வெடிப்பு. குளிரில் அது ஒட்டியிருக்கும். வெயிலின் சூட்டில் விரிந்து விலகும். ரேடியோ திருத்தும் கடையில் அந்த முனையையும் மற்ற முனைகளையும் மீண்டும் பற்றாசு வைத்துத் தந்தார்கள்.

திருத்திய பிறகும் சோதனை உண்டு. றிலேயைப் பொருத்தி, தலைமுடி உலர்த்தியால் சூடாக்கிப் பார்த்தோம், பம்ப் முனகியது. அடுத்த மூன்று நாட்களும் நண்பகல் வெயிலில் நிறுத்தி ஸ்டார்ட் செய்தோம். மூன்று நாளும் பற்றியது. நான்காம் நாள் உம்மம்மா கிளினிக்குப் போய் வந்தார்.

கவனம்

பெற்றோல் வாசனை வந்தால் வேலையை நிறுத்துங்கள். பற்றரியைக் கழற்றும்போது மறைமுனையை முதலில் கழற்றி, கடைசியில் பூட்டுங்கள். எஞ்சின் ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றி ஓல்ரனேற்றரைச் சோதிக்கும் பழைய வழக்கம் கணினியையே எரித்துவிடலாம். யாரும் செய்ய விடாதீர்கள். எயார்பாக்கின் மஞ்சள் இணைப்புகளில் பல்மானியை வைக்கவே கூடாது. ஓடும் விசிறிக்கருகே தலைமறைப்பும் தளர்ந்த கையும் ஆபத்து. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் எதையும் தொடாதீர்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கணினியை மாற்ற வேண்டும் என்று சொல்லப்பட்டால் கோபப்பட வேண்டாம். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பிழை இருக்கும் நேரத்தில் அளந்தீர்களா? கணினிக்கு வரும் மின்னும் புவித்தொடுப்பும் சரியாக இருந்தனவா? அது கொடுக்க வேண்டிய எந்தக் கட்டளையைக் கொடுக்கவில்லை? நல்ல மெக்கானிக் இவற்றுக்கு மகிழ்ச்சியாகப் பதில் சொல்வார்.

மாணவியருக்குச் சொல்ல எனக்கு அதிகமில்லை. ஓமின் விதியைப் பரீட்சைக்காக எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அன்று நண்பகலில் பல்மானியில் பூச்சியத்தைக் கண்டபோதுதான் அது எனக்குச் சொந்தமானது. இப்போது காரில் சிறு சத்தம் கேட்டாலும், வாப்பா கராஜுக்குப் போகுமுன் என்னைக் கூப்பிடுகிறார்.