புயலுக்கு முன் மாடித் தொட்டி

புயல் என்று அறிவித்ததும் புதுச்சேரிக்காரர்கள் கடைக்கு ஓடி பாலும் பிரெட்டும் மெழுகுவத்தியும் வாங்கி வருவோம். அது இருக்கட்டும், முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்து ஓய்ந்தது சில மணி நேரத்தில். கரண்ட் பல தெருக்களுக்குத் திரும்பி வர நாள் கணக்காயிற்று. கரண்ட் இல்லையென்றால் மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடாவிட்டால் குழாயில் சொட்டுத் தண்ணீர் கிடையாது.

2024 நவம்பர் 30 இரவு கரை தொட்ட ஃபெஞ்சல் வேறு ரகம். ஊரைவிட்டு நகராமல் நின்று கொட்டியது. ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. கிருஷ்ணா நகரில் வீட்டுக்குள் சிக்கியவர்களை மீட்க ராணுவம் வரவேண்டியிருந்தது. மழை விட்ட பிறகும் தொல்லை விடவில்லை. சங்கராபரணியும் தென்பெண்ணையும் பெருகி வில்லியனூர், பாகூர் பக்கம் புகுந்தன.

நம் வீடுகளில் சம்ப்பின் மூடி பெரும்பாலும் வாசலில், தரை மட்டத்தில்தான் இருக்கும். தெருத் தண்ணீர் படியேறினால் சாக்கடையும் சேர்ந்து அதற்குள் இறங்கிவிடும். அதன்பின் கரண்ட் வந்தாலும் மோட்டாரைப் போடக் கூடாது. போட்டால் மாடித் தொட்டியும் கெட்டுவிடும். எச்சரிக்கை வந்த அன்றே தொட்டியை நிரப்பி, சம்ப் மூடியின் மேல் பிளாஸ்டிக் தாள் விரித்து மணல் மூட்டை வையுங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று வைத்தால், நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர்: இரண்டு கேனும் ஒரு குடமும் போதும்.

சாப்பாட்டுக்கு அவல், பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், பேரீச்சம்பழம், பால் பவுடர் என்று அடுப்பு பற்றவைக்காமலே தின்னக்கூடியவை இருக்கட்டும். மேகி வாங்குவதில் அர்த்தமில்லை. அதற்கும் வெந்நீர் வேண்டும். மெழுகுவத்தியைவிட டார்ச் நல்லது, குழந்தைகள் உள்ள வீட்டில் கட்டாயம். செல்போனையும் பவர் பேங்கையும் முன்கூட்டியே முழுதாக சார்ஜ் செய்துவிடுங்கள். டவர் விழுந்தால் யூபிஐ கிடையாது, ஏடிஎம்மும் கிடையாது. பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுகளாகக் கொஞ்சம் ரொக்கம் இருந்தால் பால்காரரிடம் சில்லறைக்குத் தகராறு வராது.

பெரியவர்கள் உள்ள வீட்டில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் பத்து நாளைக்காவது கையிருப்பு வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் ஃபிரிட்ஜ் நின்றுவிட்டால் பதற வேண்டாம். டப்பாவோடு பிளாஸ்டிக் பையில் கட்டி, ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் வைக்கலாம், ஐஸில் நேராக வைக்கக் கூடாது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் தீர்ந்தால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலை தட்டி அளந்து கலக்குங்கள்.

இதையெல்லாம் கட்டிலுக்கு அடியில் வைப்பவர்கள் உண்டு. ரெயின்போ நகர் மாதிரி தாழ்வான இடத்தில் முதலில் நனைவது அதுதான். பரணில் வையுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், வீட்டுப் பத்திரம் ஆகியவற்றைக் காற்றுப் புகாத கவரில் போட்டு அதன் பக்கத்திலேயே வைக்கலாம். தண்ணீர் உள்ளே வருகிறதென்றால் மெயினை அணைத்து, கேஸ் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். உதவிக்கு 112, 1070, 1077.

கார்த்திகைக்குப் பின் மழையில்லை என்பார்கள். தானே வந்தது மார்கழி நடுவில். ஆகவே பொங்கல் கழியும்வரை பரணில் இருப்பதைக் கீழே இறக்க வேண்டாம். அவலும் கடலையும் மக்குமுன் தின்று தீர்த்துவிட்டு அடுத்த ஐப்பசியில் புதிதாக வாங்கிக்கொள்ளலாம்.