கைப்பேசி வழிப் பண வரவும் செலவும்: உழவர்கள் அறிய வேண்டியவை

நெல் அறுவடை முடிந்து மூட்டைகள் களத்தை விட்டு வெளியேறும் நாளில்தான் உழவரின் நான்கு மாத உழைப்பு பணமாகிறது. முன்பு அப்பணம் கையில் வந்து சேர்ந்தது. இன்று அது வங்கிக் கணக்கில் வந்து சேர்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் விற்ற நெல்லுக்குரிய தொகையும், பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு மூன்று தவணைகளாக வழங்கப்படும் ரூ.6,000மும் கணக்கிலேயே வரவு வைக்கப்படுகின்றன. அக்கணக்கைக் கைப்பேசி வாயிலாக இயக்கும் வசதியும் வந்துவிட்டது. நன்கு அறிந்து பயன்படுத்தினால் இவ்வசதி பெரிதும் உதவும். அறியாமல் பயன்படுத்தினால் ஒரு போகத்து வருமானமே ஒரு நிமிடத்தில் பறிபோகும்.

குன்றத்தூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் நெல்லுடன் கீரை, வெண்டை, கத்தரி போன்றவையும் பயிரிடப்படுகின்றன. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆகிய இடங்களில் 1990களின் இறுதியிலிருந்து தொழிற்சாலைகள் பெருகியதால், வேலை முடிந்து திரும்பும் தொழிலாளர்கள் சாலையோரத்திலேயே காய்கறி வாங்கிச் செல்கின்றனர். இவர்களில் பலர் சில்லறை வைத்திருப்பதில்லை. கைப்பேசி மூலமே பணம் தருகின்றனர். ஆகவே ஐம்பது கட்டு கீரை விற்பவருக்கும் இம்முறை பற்றிய தெளிவு இன்றியமையாதது.

பணம் செல்லும் வழி

கைப்பேசிக்குள் பணம் இருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். இது தவறு. பணம் எப்போதும் வங்கிக் கணக்கில்தான் இருக்கிறது. இதனை ஏரிப் பாசனத்தோடு ஒப்பிடலாம். ஏரி என்பது வங்கிக் கணக்கு. வாய்க்கால் என்பது செயலி. மதகின் சாவி என்பது நீங்கள் அமைத்துக்கொள்ளும் நான்கு அல்லது ஆறு இலக்க இரகசிய எண்.

இவ்வாய்க்கால்களை இணைக்கும் அமைப்பே யு.பி.ஐ. எனப்படுவது. இதனை இந்திய தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் 2016 ஏப்ரலில் தொடங்கியது. நீங்கள் எந்தச் செயலியைப் பயன்படுத்தினாலும், உங்கள் கட்டளை இக்கழகத்தின் கணிப்பொறி வழியாக உங்கள் வங்கிக்குச் செல்கிறது. வங்கி இரகசிய எண்ணைச் சரிபார்த்துத் தொகையைக் கழிக்கிறது. பெறுபவரின் வங்கி அதனை வரவு வைக்கிறது.

இதிலிருந்து ஓர் அடிப்படை உண்மையை உழவர்கள் மனத்தில் நிறுத்த வேண்டும். மதகைத் திறந்தால் ஏரியிலிருந்து நீர் வெளியே போகுமே தவிர உள்ளே வராது. அதுபோல இரகசிய எண்ணை இட்டால் பணம் கணக்கை விட்டு வெளியே போகும். பணம் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. இருப்பு எவ்வளவு என்று பார்ப்பதற்கு அந்த எண்ணை இடுகிறோம். அது நாமே நம் செயலியில் விரும்பிச் செய்வது. பிறர் சொல்லி அதனை இடக் கூடாது.

தொடங்கும் முறை

1. கைப்பேசி எண்ணை வங்கியில் பதிவு செய்தல் வேண்டும். அந்த எண் உங்கள் பெயரில், உங்கள் கைவசம் இருப்பதாக இருக்க வேண்டும். மகன் எண்ணையோ இடைத்தரகர் எண்ணையோ கொடுத்தல் கூடாது. நெடுநாள் பயன்படுத்தாத எண் வேறொருவருக்கு வழங்கப்பட்டுவிடக்கூடும். ஆகவே எண்ணை மாற்றினால் உடனே வங்கிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

2. செயலியைக் கைப்பேசியிலுள்ள பிளே ஸ்டோரிலிருந்து மட்டுமே பெறுதல் வேண்டும். உங்கள் வங்கியின் செயலியையோ, 2016 டிசம்பரில் வெளியிடப்பட்ட பீம் செயலியையோ தேர்ந்தெடுக்கலாம்.

3. வங்கியின் பணம் எடுக்கும் அட்டையைக் கொண்டு இரகசிய எண்ணை அமைக்கலாம். அட்டை இல்லாதவர்கள், தங்கள் வங்கி அனுமதித்தால், ஆதாரில் பதிவான கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைக் கொண்டு அமைக்கலாம்.

4. பிறந்த ஆண்டு, 1234 போன்ற எளிதில் ஊகிக்கக்கூடிய எண்களைத் தவிர்க்க வேண்டும். எண்ணை அட்டையின் பின்புறம் எழுதி வைத்தல் கூடாது.

இரண்டு கணக்குகள் வைத்திருத்தல் மிகவும் நல்லது. நெல் பணமும் சேமிப்பும் ஒரு கணக்கில் இருக்கட்டும். அதனைச் செயலியுடன் இணைக்க வேண்டாம். அன்றாட விற்பனைக்கும் செலவுக்கும் வேறொரு சேமிப்புக் கணக்கைத் தொடங்கி, அதை மட்டும் இணைத்துக்கொள்ளலாம். அதில் சில ஆயிரம் ரூபாய்க்கு மேல் சேர்ந்தால் வங்கிக்குச் செல்லும்போது முதல் கணக்கிற்கு மாற்றிவிடலாம். தவறு நேர்ந்தாலும் இழப்பு சிறிதாகவே இருக்கும்.

விற்பனையில் பயன்படுத்துதல்

கியூ.ஆர். எனப்படும் கட்டக் குறியீடு அச்சிட்ட அட்டையைக் கூடையருகே வைத்துவிட்டால், வாங்குபவர் அதைத் தம் கைப்பேசியால் படம் பிடித்துப் பணம் அனுப்புவார். வங்கிக் கணக்கிலிருந்து இவ்வாறு வரும் பணத்திற்கு விற்பவரிடம் கட்டணம் பிடிக்கும் முறை 2020 ஜனவரியில் நீக்கப்பட்டது. ஆனால் தொகையை உரக்க அறிவிக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்கு மாத வாடகை உண்டா என்பதை வாங்கும்போதே கேட்டறிய வேண்டும்.

வாங்குபவர் தம் கைப்பேசியில் காட்டும் பச்சை நிறப் படத்தை மட்டும் நம்புதல் கூடாது. பொய்ப் படங்களும் உண்டு. பெட்டி அறிவித்த பின்னரோ, உங்கள் கைப்பேசியில் வரவைப் பார்த்த பின்னரோ காயைக் கொடுக்க வேண்டும். உங்கள் அட்டையின் மேல் வேறொருவர் தம் அட்டையை ஒட்டிவிடாமல் நாள்தோறும் காலையில் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

இம்முறையால் மற்றொரு நன்மையும் உண்டு. ஒவ்வொரு விற்பனையும் வங்கிக் குறிப்பில் தேதியுடன் பதிவாகிறது. கிசான் கடன் அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது வருமானத்தை எடுத்துக்காட்ட இக்குறிப்பு உதவும். பிணையில்லாமல் பெறக்கூடிய வேளாண் கடனின் வரம்பு 2025 ஜனவரி 1 முதல் ரூ.2 இலட்சமாக உயர்த்தப்பட்டுள்ளது.

ஏமாற்றும் முறைகள்

வயல் நாள் ஒன்றில் உழவர் ஒருவர் எங்களிடம் கூறிய அனுபவம் இது. தொழிற்சாலை உணவகத்திற்கு நாள்தோறும் வெண்டைக்காய் வேண்டும் என்று ஒருவர் தொலைபேசியில் பேசினார். முன்பணம் தருவதாகக் கூறி ஒரு கட்டக் குறியீட்டை அனுப்பினார். "இதைப் படம் பிடித்து உங்கள் எண்ணைப் போடுங்கள், பணம் வந்துவிடும்" என்றார். உழவரும் அவ்வாறே செய்தார். வர வேண்டிய முன்பணம் வரவில்லை. கணக்கிலிருந்த நெல் பணம் போய்விட்டது. வெட்கத்தினால் வீட்டிலும் சொல்லாமல் மூன்று நாள் கழித்தே வங்கிக்குச் சென்றார். அதற்குள் பணம் பல கைகள் மாறிவிட்டது.

படித்தவர்களும் இவ்வாறு ஏமாறுகின்றனர்; இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கீழ்க்காணும் முறைகளை அறிந்து வைத்திருந்தால் தப்பிக்கலாம்.

அ) பணம் தருவதாகக் கூறிக் குறியீட்டைப் படம் பிடிக்கச் சொல்லுதல். பணம் பெறுபவர் படம் பிடிக்க வேண்டியதில்லை.

ஆ) "பி.எம். கிசான் தவணை நின்றுவிட்டது, இதைத் திறந்து சரிசெய்யவும்" என்று வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்பு அனுப்புதல். இதனை நிறுவினால் உங்களுக்கு வரும் ஓ.டி.பி. எண்களை மோசக்காரர் படிக்க முடியும். நீல நிறச் சான்று அட்டை இல்லாத மூட்டையைச் சான்று விதை என்று நாம் வாங்குவதில்லை. அதுபோல வாட்ஸ்அப்பில் வரும் செயலியையும் ஏற்கக் கூடாது.

இ) வங்கி அதிகாரி என்று கூறி அட்டை எண், ஓ.டி.பி. ஆகியவற்றைக் கேட்டல். எந்த வங்கியும் இவற்றைத் தொலைபேசியில் கேட்பதில்லை.

பணம் அனுப்புமுன் திரையில் தோன்றும் பெறுபவரின் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்தல் நல்ல பழக்கமாகும்.

பணம் பறிபோனால் செய்ய வேண்டியவை

பூச்சி தாக்கிய வயலில் ஒரு நாள் தாமதமும் சேதத்தைப் பெருக்கும். இங்கோ ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். முதலில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். பணம் சென்ற கணக்கிலேயே இன்னும் இருந்தால் அதனை முடக்கி வைக்க முடியும். அடுத்து உங்கள் வங்கிக்குத் தெரிவித்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதியின் கருத்தை அறிதல் நலம். வாடிக்கையாளர் தாமே இரகசிய எண்ணை வெளியிட்டதால் ஏற்பட்ட இழப்பில், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன தொகை அவரைச் சார்ந்தது. தெரிவித்த பின் போகும் தொகை வங்கியைச் சார்ந்தது. தவறு வாடிக்கையாளரிடமும் இல்லை, வங்கியிடமும் இல்லை என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவிப்பவருக்கு இழப்பே இல்லை. ஆகவே தெரிவித்த நாளும் நேரமும் பணத்திற்குச் சமம்.

மோசடியின்றி, இடையில் தடைபட்ட பணம் பற்றி அஞ்ச வேண்டாம். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இட்ட ஆணைப்படி, ஒருவருக்கு அனுப்பிய பணம் அவர் கணக்கில் சேராவிடில் அடுத்த நாளுக்குள்ளும், கடைக்குச் செலுத்தியது உறுதியாகாவிடில் ஐந்து நாட்களுக்குள்ளும் அது தானாகத் திரும்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ரூ.100 வீதம் இழப்பீடு உண்டு.

சாதாரணக் கைப்பேசி வைத்திருப்பவர்களுக்கு

இணைய வசதியில்லாத பொத்தான் கைப்பேசியிலும் *99# என்று அழுத்தி இருப்பைப் பார்க்கலாம். சிறு தொகையை அனுப்பலாம். 2022 மார்ச்சில் தொடங்கப்பட்ட யு.பி.ஐ. 123பே முறையில் குரல் வழியாகவும் பணம் அனுப்ப இயலும். இவற்றிற்கும் அதே இரகசிய எண் விதி பொருந்தும்.

முடிவுரை

புதிய நெல் இரகத்தை முதல் ஆண்டில் ஐந்து சென்ட் நிலத்தில் பயிரிட்டுப் பார்ப்பதுபோல், இம்முறையையும் பத்து ரூபாயைக் குடும்பத்தார் ஒருவருக்கு அனுப்பிப் பழகிய பின் விரிவாக்கலாம். வீட்டில் உள்ள பெண்களுக்கும் முதியோருக்கும் இதனைக் கற்றுக்கொடுத்தல் வேண்டும். பணம் பெற எண் வேண்டாம். பணம் கொடுக்கவே எண் வேண்டும் என்ற ஒன்றை மறவாமல் கடைப்பிடித்து, உழைத்துச் சேர்த்த பொருளை உழவர் பெருமக்கள் காத்துக்கொள்வார்களாக.