துறைமுக அரணும் காவற் படகும்

நீர், நிலம், மலை, காடு என அரண் நால்வகைப்படும் என்றனர் நம் முன்னோர். ஊவாவின் மலையரணுக்குள் அமைந்த தெமோதரைக்குக் கடல் நெடுந்தொலைவிலுள்ளது. எனினும் இம்மலைகளிற் கொய்யப்பட்ட தேயிலை, 1924இல் பதுளை வரை நீட்டப்பெற்ற புகையிரதப் பாதை வழியே கொழும்புத் துறைமுகத்தை அடைந்தே உலகச் சந்தைக்குச் சென்றது. இலங்கைக் கடற்படையின் தொடக்ககாலப் பயிற்சி நிலையமொன்றும் அண்மையிலுள்ள தியத்தலாவையிலேயே இயங்கியது. ஆதலின் கடலரணைக் காக்கும் முறை மலைநாட்டார்க்குப் புறம்பான பொருளன்று.

போர்க்கப்பல் நடுக்கடலில் வலிமை மிக்கது. துறையிற் கட்டப்பட்டிருக்கும்போதோ எளிதில் தாக்கப்படத்தக்கது. அதன் பொறிகள் ஓய்ந்திருக்கும். விலகிச் செல்ல இடமிராது. நெடுந்தூரம் சுடும் பீரங்கிகள் அருகணையும் சிறு தோணிக்கெதிரே பயன்படா. இதற்கு வரலாறு சான்று பகரும். 1939 ஒக்டோபர் 14இல் ஸ்கபா புளோ துறைக்குள் நுழைந்த ஜேர்மன் நீர்மூழ்கி, 'றோயல் ஓக்' என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. எண்ணூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1941 டிசெம்பரில் இத்தாலியச் சுழியோடிகள் அறுவர், அலெக்சாந்திரியாத் துறையில் இரு பெருங் கப்பல்களைச் செயலிழக்கச் செய்தனர். 2000 ஒக்டோபர் 12இல் ஏடன் துறையில் வெடிமருந்து தாங்கிய சிறு படகொன்று அமெரிக்கக் கப்பலாகிய 'கோல்' மீது மோத, 17 மாலுமிகள் உயிரிழந்தனர்.

நம் நாட்டு நிகழ்ச்சியோ இவற்றினும் ஆழ்ந்த விளைவுடையது. 1995 ஏப்ரல் 19இல் திருகோணமலைத் துறையில் விடுதலைப் புலிகளின் சுழியோடிகள் 'சூரய', 'ரணசுரு' என்னும் இரு கடற்படைக் கலங்களை வெடிவைத்து மூழ்கடித்தனர். சனவரி முதல் நிலவிய போர்நிறுத்தமும் அன்றோடு முறிந்தது.

இத்தகைய இடர்களைத் தடுப்பதே காவற் படகின் பணி. அது விலக்கப்பட்ட நீர்ப்பரப்பைச் சுற்றி ஓயாது வலம்வரும்; வழிதவறி வரும் படகுகளை முதலில் ஒலியாலும் ஒளியாலும் எச்சரிக்கும்; கப்பல் துறை புகும்போதும் நீங்கும்போதும் உடன் செல்லும். சுழியோடிகளை அச்சுறுத்த, முன்னறிய இயலாத இடைவெளிகளிற் சிறு வெடிகளை நீருள் இடுவதும் உண்டு. வேகமும் விழிப்புமே இதன் படைக்கலங்கள்.

இப்பணியைப் பொலிசாரிடம் ஒப்படைத்தல் பிரித்தானிய மரபு. 1860 முதல் 1934 வரை இலண்டன் மாநகரப் பொலிசார் அரச கப்பற்றுறைகளைக் காத்தனர். இன்று பாதுகாப்பு அமைச்சின் பொலிஸ் படையினர், கிளைட் தளத்திலுள்ள அணுசக்தி நீர்மூழ்கிகளுக்குப் படகுக் காவல் புரிகின்றனர். இந்தியாவோ, 2008 மும்பைத் தாக்குதலின் பின்னர், 2009இல் 'சாகர் பிரகாரி பல்' என்னும் தனிப்பிரிவைக் கடற்படைக்குள்ளேயே அமைத்தது.

பொலிசாரை அமர்த்துவதில் ஒரு நுட்பம் உளது. துறைமுகநீர் போர்க்கப்பலுக்கு மட்டும் உரியதன்று. வலைஞரும் வணிகரும் அதனைப் பகிர்ந்தே வாழ்கின்றனர். போர்வீரன் எதிரியை எதிர்நோக்கப் பயின்றவன். பொலிஸ்காரனோ குடிமகனை எதிர்கொள்ளப் பயின்றவன். விசாரித்தல், எச்சரித்தல், கைதுசெய்து நீதிமன்றில் நிறுத்துதல் ஆகியனவே அவனது முறைகள். சுடுதல் இறுதி வழியாகும். போர்க்காலத்தில் விதிக்கப்பட்ட கடற்றடைகளால் திருகோணமலை வலைஞர் தொழிலிழந்து வாடியமையை நினைப்போர்க்கு இவ்வேறுபாட்டின் அருமை புலப்படும்.

அரண் என்பது பகைவனைத் தடுப்பதாகவும், தன்னுள் வாழ்வோரை வருத்தாததாகவும் இருத்தல் வேண்டும். காவற் படகின் சிறப்பு அது ஏந்திய துப்பாக்கியால் அளக்கப்படுவதன்று. கப்பல் ஊறுபடாதும் தோணிக்காரன் அஞ்சாதும் ஒரே துறையிற் கழியும் இரவுகளாலேயே அளக்கப்படுவதாம்.