நீரிறைக்கும் எஞ்சினின் ஒயிலை வீட்டிலேயே மாற்றுதல்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வன்னிப் பகுதியிலும் தோட்டஞ் செய்வோருள் மிகப் பலரிடம் இன்று நீரிறைக்கும் எஞ்சின் உண்டு. துலா மிதித்து இறைத்த காலத்தில் துலாவுக்கோ கயிற்றுக்கோ வந்த பழுதைக் கமக்காரர் தாமே திருத்திக்கொண்டனர். எஞ்சின் வந்தபின், சிறு வேலைக்கும் திருத்துநரை எதிர்பார்த்திருக்கும் வழக்கம் உண்டாகிவிட்டது. அவர் வருமளவும் வெங்காயமும் மிளகாயும் நீருக்காகக் காத்திருக்கமாட்டா. எஞ்சின் ஒயிலை மாற்றுதல் அரை மணி நேர வேலையேயாகும். பொருத்தமான ஸ்பனர், புனல், பழைய தாச்சி, சிறிது துணி ஆகியன இருந்தாற் போதும்.

இங்கு கூறப்படுவன, ஒயிலைத் தனியாக ஊற்றும் நான்கடிப்பு எஞ்சின்களுக்கே உரியவை. பெற்றோலுடன் ஒயிலைக் கலந்து ஊற்றும் இரண்டடிப்பு எஞ்சின்களுக்கு இவை பொருந்தா.

ஒயில் ஏன் கெடுகின்றது?

எஞ்சினுள் உலோகத்தோடு உலோகம் உராயாமல் ஒயில் ஒரு மெல்லிய படலமாக நின்று காக்கின்றது. அத்துடன் வெப்பத்தைக் கடத்துகின்றது. எரிபொருள் எரிவதால் உண்டாகும் கரியையும், தேய்மானத்தால் உண்டாகும் உலோகத் துகளையும் தன்னுட் சுமக்கின்றது. மோட்டர் காரில் இவ்வழுக்கைப் பிரித்தெடுக்க வடிகட்டி உண்டு. நம்மிடமுள்ள சிறிய நீரிறைக்கும் எஞ்சின்களுட் பெரும்பாலானவற்றில் வடிகட்டி இல்லை. பிஸ்ரனைத் தாங்கும் தண்டின் அடியிலுள்ள சிறு அகப்பை போன்ற உறுப்பு ஒயிலை அள்ளி எங்கும் தெறிக்கச் செய்கின்றது. ஆகவே அழுக்கு ஒயிலிலேயே தங்கி, மீண்டும் மீண்டும் எல்லா உறுப்புகளிலும் படுகின்றது.

நம்மவரிடம் பெரிதும் வழங்கும் 5½ குதிரைவலு எஞ்சின் ஏறத்தாழ 0.6 லீற்றர் ஒயிலையே கொள்ளும். நிமிடத்துக்கு 3,000 சுற்றாக 100 மணித்தியாலம் ஓடினால், அச்சிறு அளவு ஒயில் 1 கோடியே 80 இலட்சம் சுற்றுகளைத் தாங்க வேண்டியதாகும். கார் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் 100 மணித்தியாலம் ஓடினால் 6,000 கிலோமீற்றர் ஆகும். அத்தூரம் ஓடிய கார்க்காரர் ஒயிலைப் பற்றி எண்ணத் தொடங்குவார். நாளொன்றுக்கு 4 மணித்தியாலம் இறைக்கும் கமக்காரரோ 25 நாளில் அந்த அளவை எட்டிவிடுகின்றார்; ஆயினும் போகம் முடியும்வரை மூடியைத் திறந்து பாராதவர் பலர்.

எப்போது மாற்றுவது?

இத்தகைய பெற்றோல் எஞ்சின்களில், புதிதாக வாங்கியபின் முதல் 20 மணித்தியாலத்திலும், பின்னர் 100 மணித்தியாலத்துக்கு அல்லது 6 மாதத்துக்கு ஒரு முறையும் ஒயிலை மாற்றுமாறு கைந்நூல் கூறும். முதல் மாற்றத்தைத் தவறவிடலாகாது. புது உறுப்புகள் ஒன்றோடொன்று இசையும்போது தேய்ந்துவிழும் உலோகத்துகள் அவ்வொயிலிலேயே இருக்கும்.

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினுக்கு இக்கணக்குப் போதாது. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் எளிதில் ஆவியாவதில்லை. எரியாது எஞ்சிய பகுதி சிலிண்டர்ச் சுவர் வழியே இறங்கி, ஒயிலுடன் கலந்து அதனை நீர்க்கச் செய்யும். ஒயிலின் மட்டம் குறையாமல் ஏறிக்கொண்டு வந்தால் அதைக் கண்டு மகிழ்தற்கில்லை. மண்ணெண்ணெய் உள்ளே இறங்குகின்றதென அறிதல் வேண்டும். இத்தகைய எஞ்சின்களுக்கு 50 மணித்தியாலத்துக்கு ஒரு முறை ஒயில் மாற்றுதலே நன்றென்பது என் கருத்து. பெற்றோலில் தொடக்கி, எஞ்சின் நன்கு சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுதலும், நிறுத்துமுன் சில நிமிடம் மறுபடியும் பெற்றோலில் ஓடவிடுதலும் இக்கேட்டைப் பெரிதும் குறைக்கும்.

ஒயில் கறுத்ததைக் கொண்டு மட்டும் அது கெட்டதென்று முடிவுசெய்தல் சரியன்று. டீசல் எஞ்சினில் புது ஒயிலும் விரைவிற் கறுத்துவிடும். மணித்தியாலக் கணக்கே நம்பத்தக்கது. எஞ்சின் வைத்திருக்கும் கொட்டிலின் கதவிலே சுண்ணக்கட்டியால் குறித்து வருதலும் போதுமானது.

மாற்றும் முறை

முதலில் எஞ்சினைக் கிணற்றடியிலிருந்து அகற்றி, மட்டமான, மழைநீர் தேங்காத ஓரிடத்தில் வைத்தல் வேண்டும். இதன் காரணம் பின்னர் கூறப்படும். எஞ்சினை 5 நிமிடம் ஓடவிட்டு நிறுத்துக. இளஞ்சூட்டிலுள்ள ஒயில் இளகி ஓடும். அடியிற் படிந்த அழுக்கையும் கொண்டுவரும். குளிர்ந்த ஒயில் பாதி அழுக்கை உள்ளேயே விட்டுவிடும். நெடுநேரம் இறைத்த உடனே திறத்தலுமாகாது, கை வெந்துவிடும்.

எரிபொருட் குழாயை மூடி, பிளக்கின் வயரைக் கழற்றி ஒதுக்கிவிடுக. ஒயில் மூடியையும் வடிக்கும் ஆணியையும் சுற்றியுள்ள மண்ணைத் துணியால் நன்கு துடைத்த பின்னரே திறத்தல் வேண்டும். ஒரு சிட்டிகை மணல் உள்ளே விழுந்தாலும் புது ஒயில் ஊற்றியதன் பயன் கெட்டுவிடும். தாச்சியை அடியில் வைத்து, முதலில் மேல்மூடியையும் பின்னர் வடிக்கும் ஆணியையும் கழற்றுக. எஞ்சினைச் சற்றே ஆணியின் பக்கம் சாய்த்து, 10 நிமிடம் வடியவிடுக.

வடிந்த ஒயிலைப் பார்த்தறிதல் நல்ல பழக்கம். பால் விட்ட தேநீரின் நிறமிருந்தால் உள்ளே நீர் புகுந்துள்ளது. மண்ணெண்ணெய் மணம் வீசினால் மேற்சொன்ன கேடு உள்ளது. வெயிலிற் பிடிக்கும்போது மின்னும் துகள் நிறைந்திருந்தால் திருத்துநரிடம் காட்டுதல் வேண்டும். அவ்வேலையை வீட்டிற் செய்ய இயலாது.

ஆணியின் வொஷர் நசிந்திருந்தால் புதிது இடுக. ஆணியைக் கையாற் சில சுற்றுச் சுழற்றி, புரி சரியாகப் பிடித்தபின்னரே ஸ்பனரால் இறுக்குதல் வேண்டும். எஞ்சினின் உடல் அலுமினியமாதலால், பலத்தைக் காட்டி இறுக்குவோர் புரியை அறுத்துவிடுகின்றனர். பின்னர் எஞ்சினை மட்டமாக வைத்து, கைந்நூலிற் குறித்த தர ஒயிலை அளந்து ஊற்றுக. நம் வெப்பநிலைக்கு எஸ்.ஏ.இ. 30 ஒயில் இவ்வகைப் பெற்றோல் எஞ்சின்களுக்கு ஏற்றது. முத்திரை உடையாத கானில் வாங்குதல் நன்று. மட்டம் பார்க்கும் கோல் மூடியுடன் இருந்தால், இவ்வகை எஞ்சின்களிற் பெரும்பாலானவற்றில் அதனைத் திருகாமல் வெறுமனே செருகிப் பார்த்தல் வேண்டும். கூடுதலாக ஊற்றினால் நன்மையென எண்ணுவது பிழை. ஒயில் நுரைத்துக் காற்றுவடிகட்டியுட் சென்று, புகையும் உண்டாகும்.

பிளக்கின் வயரை மாட்டி, இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, ஆணியடியிற் கசிவு உண்டோவெனப் பார்க்க. நிறுத்தியபின் மட்டத்தை மறுபடியும் பார்த்தல் வேண்டும்.

நெற்செய்கையாளரின் இருசக்கர உழவு இயந்திரத்துக்கும் முறை இதுவே. அதன் டீசல் எஞ்சின் கூடிய ஒயிலைக் கொள்ளும். ஒயில் டீசல் எஞ்சினுக்குரியதாயிருத்தல் வேண்டும். வடிகட்டி உண்டாயின் கைந்நூல் கூறியவாறு அதனையும் கழுவுதல் அல்லது மாற்றுதல் வேண்டும். சேற்றுழவு முடிந்தபின் இயந்திரத்தைக் கழுவி உலரவிடாமல் மூடியைத் திறக்கலாகாது.

கழிவு ஒயிலை என் செய்வது?

வீட்டில் ஒயில் மாற்றுவதில் உண்மையான இடர் இங்கேதான் உள்ளது. கிணற்றுக்கட்டின் அருகே எஞ்சினை வைத்தவாறே ஆணியைக் கழற்றி, ஒயிலை நிலத்தில் வடியவிடும் வழக்கம் பல தோட்டங்களில் உண்டு. குடாநாட்டின் செம்மண் பல இடங்களில் ஆழமற்றது. அதன் கீழே வெடிப்புகளும் துளைகளும் நிறைந்த சுண்ணாம்புக்கல். மாரிமழை எவ்வழியே கீழிறங்கிக் கிணற்றை நிரப்புகின்றதோ, அவ்வழியே ஒயிலும் இறங்கும். ஒரு கலன் கழிவு ஒயில் 10 இலட்சம் கலன் நன்னீரைக் கெடுக்கவல்லதென அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் கூறுகின்றது. சுன்னாகத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றி 2014, 2015 ஆம் ஆண்டுகளில் எழுந்த பிரச்சினையை அறியாதார் இலர். அங்கிருந்த மின் உற்பத்தி நிலையம் தொடர்பான வழக்கில் உயர் நீதிமன்றம் 2019 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அது பெரிய நிலையம். நம்முடையது அரை லீற்றர். ஆனால் நம்முடைய அரை லீற்றர் விழுவது நாம் குடிக்கும் கிணற்றின் கட்டிலேயேயாகும்.

எனவே வடித்த ஒயிலை மூடியுள்ள கானில் இட்டு, மேலே பெயரெழுதி, பிள்ளைகளுக்கு எட்டாதபடி வைத்தல் வேண்டும். நீர்ப்போத்தலில் இடலாகாது. கிருமிநாசினி இருந்த கானும் உதவாது. நீரோ பெற்றோலோ கலந்தால் அதை எவரும் ஏற்கார். பல வாகன சேவை நிலையங்கள் கழிவு ஒயிலைப் பீப்பாய்களிற் சேர்க்கின்றன; சில கமக்காரர் சேர்ந்து ஒரு கானாகக் கொண்டுசென்றால் மறுக்கமாட்டார்கள். சிந்திய இடத்தில் உமியைத் தூவி ஊறவிட்டு, உமியையும் நனைந்த மண்ணையும் பையில் அள்ளி, பிரதேச சபையின் கழிவகற்றும் பகுதியினரைக் கேட்டு ஒப்படைக்க.

கறையானுக்கென வேலிக்கட்டைகளுக்கும் தூண்களுக்கும் கழிவு ஒயில் பூசுவோர் உளர். கிணற்றையும் வாய்க்காலையும் அண்டிய இடங்களில் இது கூடவே கூடாது. அடுப்பெரித்தலும் ஆகாது, அப்புகையில் உலோக நஞ்சு உண்டு. கழிவு ஒயில் நாள்தோறும் தோலிற் பட்டால் தோல் நோயும், நெடுங்காலத்திற் புற்றுநோயும் உண்டாகக்கூடும். வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கையைக் கழுவுக. ஒயில் படிந்த தாச்சியைச் சமையலறைக்குத் திருப்பி அனுப்பலாகாது.

போகம் முடிந்து எஞ்சினை ஒதுக்கி வைக்குமுன்னும் ஒயிலை மாற்றுதல் வேண்டும்; அடுத்த போகத் தொடக்கத்துக்கென விட்டுவைக்கலாகாது. பழைய ஒயிலிலுள்ள அமிலமும் ஈரமும், எஞ்சின் ஓடாதிருக்கும் மாதங்களிலேயே உறுப்புகளை அரிக்கும். புது ஒயில் ஊற்றி ஓடவிட்டு நிறுத்தியபின், எரிபொருளை வடித்து, பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி ஒயிலைச் சிலிண்டரினுள் விட்டு, இழுகயிற்றை இரண்டு மூன்று முறை மெதுவாக இழுத்து, பிளக்கைப் பூட்டி, மழை படாத இடத்தில் மூடிவைக்க.