தாடை மூட்டும் முகவலியும்

கடப்பையிலிருந்து பீலேர் வழியாகச் சித்தூருக்கு வரும் சாலையும், திருப்பதியிலிருந்து வரும் சாலையும் புத்தலப்பட்டில் கூடுகின்றன. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் அப்பகுதியிலிருந்து பெரிய மருத்துவம் நாடிப் புறப்படுவோருக்குத் திசைகள் இரண்டு. ஒன்று திருப்பதி, மற்றொன்று சித்தூரைக் கடந்து வேலூர். 1953 வரை சென்னை மாநிலத்தைச் சேர்ந்திருந்த நாடாதலின், எல்லை மாறிய பின்னும் வேலூருக்குச் செல்லும் வழக்கம் மாறவில்லை.

முகத்தின் ஒரு பக்கத்தில் வலி கண்டு, அங்கே பேருந்துக்காக நிற்கும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். வலி காதுக்கு முன்னே தொடங்கி நெற்றிப்பொட்டில் ஏறுகிறது. கடைவாய்ப் பல்லிலும் இறங்குகிறது. அவர் நாட வேண்டியவர் பல் மருத்துவரா, காது மருத்துவரா, நரம்பு மருத்துவரா? பெரும்பாலோர் பல்லையே ஐயுறுவர். ஒரு பல்லைப் பிடுங்கியும் வலி நிற்கவில்லையாயின், அடுத்ததையும் பிடுங்கிவிடுமாறு தாமே வற்புறுத்துவோர் உண்டு. சொத்தையில்லாத நல்ல பற்கள் இவ்வாறு வீணே போவதை மருத்துவ நூல்கள் நெடுங்காலமாக எச்சரித்து வருகின்றன. இவ்விழப்பைத் தடுப்பதற்கு வேண்டிய கருவிகளோ மிக எளியவை. தக்க கேள்விகள், பழகிய விரல்கள், ஓர் அளவுகோல் ஆகியவை இருந்தாற் போதும். அவை எங்ஙனம் பயன்படுகின்றன என்பதையே ஈண்டுக் கூற முற்படுகிறோம்.

சுண்டுவிரல் நுனியைக் காதுத் துளையில் இலேசாக வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கு முன்னே ஓர் எலும்புக் குமிழ் அசைவது தெரியும். அதுவே கீழ்த்தாடையின் தலைப்பகுதி. அது மண்டை எலும்பின் குழியில் அமர்ந்திருக்கிறது. இடையே நாராலான மெல்லிய தட்டு ஒன்று மெத்தைபோல் கிடக்கிறது. வாய் திறக்கத் தொடங்கும்போது இம்மூட்டு கதவின் கீல்போல் சுழல்கிறது. மேலும் திறக்கும்போது குமிழும் தட்டும் சேர்ந்து முன்னோக்கி வழுக்குகின்றன. உண்ணும்போதும் பேசும்போதும் கொட்டாவி விடும்போதும் வேலை செய்யும் இம்மூட்டை இயக்குபவற்றுள் வலியவை கன்னத்திலுள்ள மெல்லுதசையும், நெற்றிப்பொட்டில் விரிந்துள்ள பொட்டுத்தசையும் ஆகும். பல்லைக் கடித்துப் பார்த்தால் இரண்டும் விரலுக்குக் கீழே புடைப்பதை உணரலாம்.

பல்லுக்கும் தாடைக்கும் முகத்தின் தோலுக்கும் உணர்ச்சி கொண்டு செல்வது முக்கிளை நரம்பு என்னும் ஒரே நரம்பு. ஒரே கம்பியில் பல வீட்டுச் செய்திகள் வருமாயின் எவ்வீட்டுச் செய்தி எது என்பதில் மயக்கம் நேருமன்றோ? அவ்வாறே மெல்லுதசையில் பிறக்கும் வலியை மூளை கடைவாய்ப் பல்லின் வலியாகவோ காதின் குடைச்சலாகவோ கொள்ளக்கூடும். பொட்டுத்தசையின் வலி மேற்பற்களில் தோன்றலாம். நோயாளி பொய் சொல்லவில்லை. அவருடைய நரம்பே இடத்தை மாற்றிச் சொல்கிறது.

ஆதலின் முதற்பரிசோதனை கேள்விகளால் நிகழ்வது. குளிர்ந்த நீர் பட்டவுடன் கூசி நெடுநேரம் நீடிக்கும் வலி பல்லைச் சுட்டும். முகம் கழுவும்போதும் காற்றுப் படும்போதும் மின்னல் வெட்டியதுபோல் நொடிப்பொழுது தாக்கி மறையும் வலி முக்கிளை நரம்பின் நோயைச் சுட்டும். அதற்கு 1962 முதல் பயன்பட்டு வரும் கார்பமசெபைன் என்னும் மருந்து வேறு வழி. மெல்லும்போதும் நெடுநேரம் பேசும்போதும் மிகும் மந்தமான வலியாயின் தாடையை ஐயுற வேண்டும். காலையில் எழும்போதே கன்னம் இறுகியிருப்பின், இரவில் பல்லை நறநறவெனக் கடிக்கும் பழக்கம் உண்டா என்று உடன் உறங்குவோரைக் கேட்பது நலம். வலிக்கும் இடத்தைக் காட்டுக என்றால் ஒருவர் ஒற்றை விரலால் தொடுவார். மற்றொருவர் உள்ளங்கையால் கன்னம் முழுவதையும் தடவுவார். தசைவலி பெரும்பாலும் இரண்டாம் வகையாகவே காட்டப்படும்.

அடுத்தது அளவுகோல். மேல் முன்பல்லின் விளிம்புக்கும் கீழ் முன்பல்லின் விளிம்புக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து, வாய் மூடியிருக்கும்போது மேற்பல் கீழ்ப்பல்லை மறைக்கும் அளவையும் அதனோடு கூட்ட வேண்டும். வளர்ந்தவருக்கு இது 40 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. கோல் இல்லாதவிடத்து அவரவர் கைவிரல் மூன்றை அடுக்கி நுழைத்துப் பார்ப்பர். திறக்கும் வழியையும் நோக்குதல் வேண்டும். தாடை ஒரு பக்கம் சாய்ந்து, பின் நடுவுக்குத் திரும்பினால், நார்த்தட்டு இடம் பெயர்ந்து மீண்டும் அமர்கிறது எனலாம். அப்போது சொடக்கொலியும் கேட்கக்கூடும். சாய்ந்தவாறே நின்றுவிட்டால், சாய்ந்த பக்கத்து மூட்டு வழுக்கவில்லை என்பது பொருள். பின்னர் மருத்துவர் தம் விரல்களால் மெல்ல மேலும் திறந்து பார்ப்பார். தசை இறுகியதாயின் வலித்தாலும் சற்றே இடங்கொடுக்கும். தட்டு தடுத்து நின்றால் கதவில் தாழ் முட்டினாற்போல் அங்கேயே நிற்கும்.

மூன்றாவது விரல். உலகின் பல நாடுகளைச் சேர்ந்த அறிஞர் கூடி 2014-இல் வெளியிட்ட பரிசோதனை முறை, தசைகளை ஏறத்தாழ ஒரு கிலோகிராம் விசையோடு அழுத்திப் பார்க்கச் சொல்கிறது. மூட்டுக் குமிழின் வெளிப்புறத்துக்கு அதிற் பாதி போதும். தராசுத் தட்டை விரலால் அழுத்தி முள் எங்கே நிற்கிறது என்று கண்டு கை பழகிக்கொள்ளலாம். நம் மளிகைக் கடைத் தராசே இதற்குப் போதும்! ஆயினும் அழுத்தத்தைவிட முக்கியமானது அதன்பின் கேட்கப்படும் கேள்வி. "வலிக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் எவரும் ஆம் என்பர். "நீங்கள் சொல்லி வந்தீர்களே, அந்த வலி இதுதானா?" என்று கேட்க வேண்டும். கன்னத்தை அழுத்தியபோது, பல நாளாகப் பல்லில் இருப்பதாக எண்ணிய வலியே எழுந்து நோயாளி வியப்பாராயின், அந்தப் பல் பிழைத்தது.

இவற்றுக்குப் பின்னரே படங்கள். எலும்பு முறிவுக்கும் தேய்வுக்கும் எக்ஸ்ரேயும் சி.டி.யும், தட்டின் நிலைக்கு எம்.ஆர்.ஐ.யும் உதவும். வலியே இல்லாதவர்களைப் படம் பிடித்தாலும் பலருக்குத் தட்டு விலகியிருக்கக் காணலாம் என்பதை மறத்தலாகாது. வலியில்லாத சொடக்கொலிக்கும் மருத்துவம் வேண்டுவதில்லை.

இத்துறையில் மருத்துவ உலகமே ஒருகால் வழி தவறியது. 1934-இல் ஜேம்ஸ் காஸ்டன் என்னும் அமெரிக்கக் காது மருத்துவர், கடைவாய்ப் பற்களை இழந்தவர்களுக்குத் தாடை அளவுக்கு மீறி மூடிக்கொள்வதால் இவ்வலி தோன்றுகிறது என எழுதினார். அதனைப் பற்றிப் பல ஆண்டுகள் பற்களைத் தேய்த்தும் உயர்த்தியும் கடியை மாற்ற முயன்றனர். நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லாஸ்லோ ஷ்வார்ட்ஸ் என்பார் 1950-களில் தசைகளே பெரும்பாலும் காரணமாதலை எடுத்துக்காட்டிய பின், நோக்கம் மெல்லத் திரும்பிற்று. திரும்பப் பெற முடியாத எதனையும் முதலிற் செய்யலாகாது என்பதே இன்றைய கொள்கை. தேய்த்த பல் மீண்டும் வளராது.

இனி மருத்துவம். முதலாவது, தாடைக்கு ஓய்வு கற்பித்தல். உண்ணாத நேரத்தில் உதடுகள் சேர்ந்திருக்கலாம், பற்கள் சேர்ந்திருக்கலாகாது. இதைப் பழக ஓர் எளிய வழி நம் மொழியிலேயே உண்டு. 'ன்' என்னும் மெய்யை ஒலித்து, நாவின் நுனி மேல்முன்பற்களுக்குப் பின்னே அண்ணத்தைத் தொட்ட இடத்திலேயே அதனை நிறுத்துங்கள். 'ந்' என்றால் நா பல்லில் பட்டுவிடும், அது வேண்டா. 'ன்' நிலையில் பற்கள் தாமே சற்று விலகும். கணக்கெழுதுவோரும் தறியில் இருப்போரும் வேலைக் கவனத்தில் பல்லைக் கடிப்பது வழக்கம். மணிக்கொரு முறை இந்நிலையை நினைவுகூர்ந்தாலே வலி குறைவோர் பலர்.

நாவை அந்நிலையில் வைத்தவாறே, அது அண்ணத்தை விட்டு நழுவாத அளவுக்கு மட்டும் வாயை மெல்லத் திறந்து மூடுவது அடுத்த பயிற்சி. சிலி நாட்டு இயன்முறை மருத்துவர் மரியானோ ரொகபாடோவின் பெயரால் வழங்கும் முறையில் ஒவ்வொரு பயிற்சியும் ஆறு தடவை, நாளுக்கு ஆறு வேளை செய்யப்படும். பயிற்சிக்கு முன் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கன்னத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஒத்தடம் கொடுத்தல் நன்று. பாட்டிமார் செய்த உப்பு ஒத்தடத்தையும் நாம் குறை கூறமாட்டோம். சூடு தோலைச் சுடாதிருந்தாற் சரி. தட்டு தடுத்து நிற்கும் மூட்டுக்கு, இயன்முறை மருத்துவர் கையுறையிட்ட கட்டைவிரலைக் கீழ்க் கடைவாய்ப் பற்களின்மேல் வைத்துத் தாடையைக் கீழும் முன்னுமாக மெல்ல இழுப்பார். இதனை வீட்டில் பிறர் செய்யலாகாது.

உணவிலும் சில வாரம் கருத்து வேண்டும். கரும்பும் வெல்லமும் மலிந்த சித்தூர்ச் சீமையில் கரும்பைக் கடித்து உரிக்காதே என்பது கடினந்தான். ஆயினும் அந்நாட்டு இராகிக் களி இந்நோய்க்கு மிகப் பொருந்தும். அதனை உருட்டி விழுங்குவதன்றி மெல்லுவார் யார்? வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும், திருப்பதி ஸ்ரீ வேங்கடேசுவர மருத்துவ விஞ்ஞான நிலையத்திலும் இயன்முறை மருத்துவப் பிரிவுகள் உள்ளன. இரவில் பற்களிடையே அணியும் தகட்டைப் பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்து தருவார்.

தாடைத் தசைக்குப் பயிற்சி எவ்வளவு கற்பிக்கக்கூடும் என்பதற்கு வேலூரை அடுத்த கரிகிரியே சான்று. தொழுநோயால் இமை மூட இயலாதவர்களுக்குப் பொட்டுத்தசையின் ஒரு பகுதியை இமைக்குத் திருப்பித் தைக்கும் அறுவை அங்கே செய்யப்பட்டது. அதன்பின் அவர்கள் பல்லைக் கடித்தால் கண் மூடும். கண்ணை மூட வாயை இயக்கும் அவ்விந்தையை அவர்கள் பயிற்சியாலேயே பழகினர்.

வாய் திறக்காமை எல்லாம் மூட்டின் குற்றமாகாது. பாக்கும் பாக்குக் கலந்த புகையிலைப் பொருள்களும் மெல்லுவோருக்குக் கன்னத்தின் உட்புறம் வெளுத்து, நார்கட்டி, விறைத்துவிடும். இந்நோயை நம் நாட்டில் எஸ். ஜி. ஜோஷி 1953-இல் விவரித்தார். இது புற்றுநோயாகவும் மாறக்கூடுமாதலால் பாக்கை நிறுத்துவதே முதல் மருத்துவம். புண்பட்டவருக்குச் சில நாளில் தாடை இறுகினால் அது வாய்ப்பூட்டாகிய இசிவு நோயாயிருக்கலாம். ஐம்பது வயதைக் கடந்தவருக்கு மெல்லும்போது தாடை வலித்து, நெற்றிப்பொட்டும் தொட்டால் நோகுமாயின், கண்பார்வைக்கே இடர் நேரும் இரத்தக்குழாய் அழற்சியாயிருக்கலாம். அன்றே மருத்துவமனை சேர வேண்டும். நடக்கும்போது எழுந்து, நின்றால் அடங்கும் தாடைவலி இதயத்திலிருந்தும் வரலாம்.

குழந்தை மோவாய் அடிபட விழுந்தால், காயத்துக்கு மருந்திட்டு விட்டுவிடுவது நம் வழக்கம். அடி மோவாயில் பட்டாலும் முறிவு காதுக்கு முன்னுள்ள குமிழில் நேரக்கூடும். அது கவனிக்கப்படாமல் ஆறினால் எலும்போடு எலும்பு ஒட்டி, வாய் திறவாமற் போகலாம். கீழ்த்தாடையும் அப்பக்கம் வளராது. ஆகவே அவ்வாறு விழுந்த குழந்தையை அன்றே மருத்துவரிடம் காட்டிக் காதுக்கு முன்னும் பார்க்கச் சொல்ல வேண்டும். வாயைத் திறக்கும் பயிற்சியை அவர் எப்போது தொடங்கச் சொல்கிறாரோ அப்போதே தொடங்கி, வலிக்கிறது என்று குழந்தை அழுதாலும் கைவிடலாகாது. வாரம் ஒரு முறை, குழந்தையின் சொந்த விரல்கள் மூன்றும் அதன் வாயில் நுழைகின்றனவா என்று பார்த்து, அளவை ஒரு தாளில் தேதியோடு குறித்து வைத்துக் காட்டினால் மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.