லேசர் இயந்திரத்திற்கு மாற்று மின்சாரம்: வாங்குமுன் கணக்கிடுவீர்

பெயர்ப்பலகை, அழைப்பிதழ், பரிசுப் பொருள் தொழில்களில் உள்ள நம் உறுப்பினர்கள் பலர் இன்று லேசர் வெட்டு இயந்திரம் வைத்துள்ளனர். தமிழகத்தில் 2012-ஆம் ஆண்டில் நாம் கண்ட நெடுநேர மின்வெட்டு இப்போது இல்லை. எனினும் ஒரு விநாடி மின்சாரம் போய் வந்தாலே, பாதி வெட்டிய அக்ரிலிக் ஷீட் வீணாகிவிடுகிறது. மின்வாரியத்தின் பராமரிப்பு நாளிலோ பகற்பொழுதின் வேலை நின்றுபோகிறது.

"100 வாட் இயந்திரம்தானே, வீட்டு இன்வெர்ட்டர் போதும்" என்று எண்ணுவது சரியன்று. 100 வாட் என்பது குழாயிலிருந்து வெளிவரும் ஒளியின் சக்தி. அதற்காக இயந்திரம் இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழ 1,000 வாட். உதாரணமாக, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லருக்கு 700, புகைபோக்கி விசிறிக்கு 550, காற்றுப் பம்புக்கு 150 எனக் கூட்டினால் மொத்தம் 2,400 வாட் ஆகிறது. அவரவர் இயந்திரங்களில் ஒட்டியுள்ள பட்டயத்தைப் பார்த்து இக்கணக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

3 கே.வி.ஏ. யு.பி.எஸ்., பவர் ஃபேக்டர் 0.8 எனில், 2,400 வாட் மட்டுமே தரும். சில்லரின் கம்ப்ரசரும் விசிறி மோட்டாரும் கிளம்பும்போது பல மடங்கு மின்சாரம் இழுக்கும் என்பதால், 5 கே.வி.ஏ. வாங்குவதே நல்லது. அது ஆன்லைன் வகையாகவும் சைன் வேவ் தருவதாகவும் இருக்கட்டும். அப்போதுதான் மின்சாரம் மாறும் நேரத்தில் வெட்டு தடைப்படாது.

இங்கு ஒரு முக்கிய எச்சரிக்கை. செலவைக் குறைக்க எண்ணி, சில்லரை விட்டுவிட்டு இயந்திரத்தை மட்டும் யு.பி.எஸ்.ஸில் இணைக்கக் கூடாது. மின்சாரம் போனதும் தண்ணீர் ஓட்டம் நிற்கும். லேசரோ எரிந்துகொண்டே இருக்கும். கண்ணாடிக் குழாய் சூடேறி வெடித்துவிடும். தண்ணீர் நின்றால் லேசரை நிறுத்தும் பாதுகாப்பு சுவிட்சு வேலை செய்கிறதா என்று அவ்வப்போது சோதிப்பதும் அவசியம். விசிறியும் பம்பும் நின்றால் புகை சூழும், தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. ஆகவே நான்கையும் சேர்த்தே இணைக்க வேண்டும்.

பேட்டரிக் கணக்கும் எளிது. 12 வோல்ட் 100 ஏ.எச். பேட்டரி ஒன்றில் ஏட்டளவில் 1,200 வாட்-மணி உண்டு. அது நீடித்து உழைக்கப் பாதியை மட்டும் எடுப்பது நலம். அப்படி எட்டு பேட்டரிகள் 4,800 வாட்-மணி தரும். 2,400 வாட் சுமையை இரண்டு மணிக்குச் சற்றுக் குறைவாகத் தாங்கும்.

நாள் முழுதும் ஓட்ட வேண்டுமாயின் ஜெனரேட்டரே கட்டுபடியாகும். அது கிளம்பும்வரை தாங்கச் சிறிய பேட்டரித் தொகுப்பு போதும். இரும்புத் தகடு வெட்டும் பெரிய ஃபைபர் இயந்திரங்களுக்கு முழுச் சுமை யு.பி.எஸ். மிகுந்த செலவாகும், அவற்றுக்கு ஜெனரேட்டரும் ஸ்டெபிலைசரும், கட்டுப்பாட்டுக் கருவிக்கு மட்டும் சிறு யு.பி.எஸ்.ஸும் பொருந்தும். எதுவாயினும் எர்த் இணைப்பைச் சரிபார்க்காமல் ஓட்டக் கூடாது.

எத்தனை வாட், எத்தனை நிமிடம் என்பதை விற்பவரிடம் எழுத்தில் பெற்ற பின்பே முன்பணம் கொடுப்பது வணிகருக்கு அழகு.